பனங்காட்டு நரிகளிடம் ரத்தக்காட்டேரியைக் கூட்டிப்போகும் முன்

கேள்வி இதுதான். பெரியபட்டினம் பக்கத்துக் கல்லூரித் தம்பிகள் சிலர் சேர்ந்து மூன்று லட்ச ரூபாய்க்குள் 40 நிமிட ரத்தக்காட்டேரிப் படம் ஒன்று எடுக்கப் பார்க்கிறார்கள். கறுப்பு அங்கி, கோரைப்பல், தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம். முன்னோட்டத்தை ஊரில் போட்டுக் காட்டியதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டார்கள். "அண்ணே, காசு இல்லாமல் எடுத்தால் பயமே வராதா? வெளிநாட்டில் இதைவிட மட்டமாக எடுத்த டிராகுலா படங்களையெல்லாம் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்களே, நம்ம ஜனம் மட்டும் ஏன் சிரிக்குது?" என்று கேட்கிறார்கள்.

தம்பி, அவர்கள் சிரித்ததற்குக் காரணம் காசு இல்லை. முன்னோட்டத்தை நானும் பார்த்தேன். பல் கொஞ்சம் பெரிது, அங்கி பள்ளிக்கூட ஆண்டுவிழாவை ஞாபகப்படுத்துகிறது; அதெல்லாம் மன்னிக்கக்கூடிய குற்றம். உங்கள் காட்டேரி நிற்பது ராமநாதபுரம் கடற்கரையில். அதன் சட்டதிட்டம் மட்டும் எங்கோ ஐரோப்பிய மலைக்கோட்டையில் எழுதப்பட்டது. பூண்டுக்குப் பயப்படுகிறது, நடுச்சாமத்தில் ஆளில்லாத கரையில் உலாத்துகிறது, என்ன கோபம் என்று சொல்லாமலே கடிக்கிறது. இந்த மூன்றையும் நம்ம ஆள் நம்பமாட்டான். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்பார்கள். இந்த ஜில்லாவில் பாதிப்பேர் ஓலைச் சத்தத்தைக் கேட்டபடி தூங்கி வளர்ந்தவர்கள், மீதிப்பேர் இருட்டில் கடலுக்குப் போகிறவர்கள். சலசலப்பைக் கூட்டி இவர்களைப் பயமுறுத்த முடியாது.

வெளிநாட்டுச் சங்கதியை முதலில் பேசிவிடுவோம். அங்கேயும் எடுத்த அன்றைக்கே யாரும் தலையில் தூக்கிவைக்கவில்லை. கார்ல் தியடோர் டிரையரின் 'வாம்பயர்' 1932இல் பெர்லினில் வெளியானபோது கூட்டம் கூச்சல் போட்டது. வியன்னாவில் காசைத் திருப்பிக் கொடு என்று கலாட்டாவாகி, போலீஸ் தடியோடு வரவேண்டியதாயிற்று. அந்தப் படத்துக்குப் பணம் போட்ட சீமான் வீட்டுப் பிள்ளைதான் கதாநாயகன், அதுவும் வேறு பெயரில். மற்றவர்களில் பெரும்பாலோர் நடிப்பே தெரியாதவர்கள். லென்ஸுக்கு முன்னால் மெல்லிய வலைத்துணியைப் பிடித்து எடுத்த மங்கலான காட்சிகளைப் பார்த்தவர்கள், தங்களை ஏமாற்றுவதாக நினைத்தார்கள். இன்றைக்கு அதே மங்கலைத்தான் சினிமாப் பள்ளிகளில் பாடமாகக் காட்டுகிறார்கள்.

பிரான்ஸில் ழான் ரொலான் என்று ஒருவர். 1968 மே மாதம், பாரிஸே வேலைநிறுத்தத்தில் கிடந்த நேரத்தில், அவருடைய முதல் ரத்தக்காட்டேரிப் படம் வந்தது. கதை புரியாத கோபத்தில் ஜனங்கள் கையில் கிடைத்ததைத் திரையை நோக்கி எறிந்தார்கள். மனுஷன் விடவில்லை. சொற்பச் செலவில் தொடர்ந்து எடுத்தார். தியெப் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கூழாங்கல் கடற்கரை. கடலுக்குள் வரிசையாக நட்ட மரக்கட்டைகள், பின்னால் வெள்ளைப் பாறைச் சுவர். அதே கரைக்குப் படத்துக்குப் படம் திரும்பிப் போனார். ரசிகர்களுக்கு இன்று அந்தக் கரைதான் முதலில் ஞாபகம் வரும். கோட்டை செட் போடக் காசில்லாதவருக்குத் தான் நன்றாக அறிந்த ஒரு கரை போதுமாக இருந்தது. கடற்கரையில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லவேண்டிய முதல் பெயர் டிராகுலா இல்லை, இவர்தான்.

தலையில் வைத்து ஆடுவது இன்னொரு மாதிரியும் உண்டு. டிராகுலாவாக நடித்துப் பேர் வாங்கிய பெலா லுகோசி 1956இல் இறந்துபோனார். எட் வுட் என்ற இயக்குநரிடம் அவரை வைத்து எடுத்த கொஞ்சம் காட்சிதான் மிச்சம். அதை விட மனமில்லாமல், தன் மனைவிக்கு முதுகு எலும்பு வைத்தியம் பார்த்தவரை அங்கி மாட்டி, முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு நடக்கவைத்து மீதிப் படத்தை முடித்தார். வைத்தியருக்கும் லுகோசிக்கும் உயரத்திலோ சாயலிலோ துளி சம்பந்தம் கிடையாது. 1980இல் அமெரிக்காவில் ஒரு கேலி விருதில் 'எல்லாக் காலத்திலும் மோசமான படம்' என்ற பட்டம் அதற்குக் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் கூட்டம் கூட்டமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். அங்கே சிரிக்கிறவன் அந்த ஆளை வெறுத்துச் சிரிக்கவில்லை. செத்துப்போன நண்பரை எப்படியாவது திரையில் வைத்திருக்க நினைத்த பைத்தியக்காரத்தனம் அந்தத் துணிக்குப் பின்னால் தெரிகிறது. உங்கள் முன்னோட்டத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை, தம்பி. யூடியூபில் பார்த்த நாலு படத்தின் சாடைதான் தெரிகிறது. கோபிக்க வேண்டாம்.

ஏழைப் படமும் பேய்க்குச் சட்டம் எழுதும் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். ரத்தக்காட்டேரி வெயில் பட்டால் செத்துவிடும் என்று இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1897இல் வந்த மூல நாவலில் அப்படி இல்லை. டிராகுலா பகலில் தெருவில் நடமாடுவான், சக்திதான் குறையும். வெயிலில் கரைந்து சாவது 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப்படம் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனி நாவலுக்கு உரிமை வாங்காமல் பெயர்களை மட்டும் மாற்றி எடுத்தது. நாவலாசிரியரின் மனைவி வழக்குப் போட்டார். கம்பெனி திவாலானது. 1925இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பானது. எப்படியோ சில பிரதிகள் தப்பின. அதில் இரவுக் காட்சிகளைப் பகலில்தான் எடுத்தார்கள், பிரதியில் நீலச் சாயம் ஏற்றி இரவாக்கினார்கள். பிற்காலத்தில் சாயமில்லாத கறுப்பு வெள்ளைப் பிரதிகள் சுற்றியபோது, வெயிலுக்குப் பயந்த பிசாசு பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது. அதற்கும் சிரித்தவர்கள் உண்டு. ஆனாலும் சுவரில் ஏறும் அந்த நகம் வளர்ந்த நிழலைத் தாண்டி இன்றுவரை ஒருவரும் போகவில்லை. நிழலுக்கு ஆகிற செலவு ஒரு விளக்கு.

இனி நம்ம ஜனத்துக்கு வருவோம். இதுதான் விஷயத்தின் வேர்.

தமிழ்ப் படத்துப் பேய்க்கு ஒரு வழக்கு இருக்கும். அநியாயமாகக் கொன்றிருப்பார்கள், நிலத்தைப் பிடுங்கியிருப்பார்கள், காதலித்துக் கைவிட்டிருப்பார்கள். இடைவேளைக்குப் பிறகு பழைய கதை வரும், எல்லாரும் அழுவார்கள், கடைசியில் பேய் ஜெயிக்கவேண்டும் என்று கைதட்டுவார்கள். 'காஞ்சனா' ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். நம்ம ஊரில் பேய் என்றால் நீதி கேட்க வந்த ஆள். ஆகவே திரையில் ஒன்று கழுத்தைக் கடித்தவுடன் பார்க்கிறவன் மனசில் எழும் முதல் கேள்வி, "இவனுக்கு அவன் என்ன பண்ணினான்?" ரத்தக்காட்டேரியிடம் அதற்குப் பதில் இல்லை. அதற்கு இருப்பது பசி. நீங்கள் அந்தப் பசியைக் காட்டவில்லை, பல்லைக் காட்டினீர்கள்.

பசித்த பேய் நமக்கு அந்நியமும் இல்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் காளியிடம் போய்ப் பசி தாங்கவில்லை என்று முறையிடும். அதற்கென்றே ஒரு தனிப் பகுதி. போர் முடிந்ததும் களத்தில் ரத்தமும் தசையும் போட்டுக் கூழ் காய்ச்சி ஊற்றிக் குடிக்கும். படித்தால் பயம் வருவதைவிடச் சிரிப்புத்தான் அதிகம் வரும். ரத்தம் குடிப்பதைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் நமக்கு 900 வருஷப் பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எதிர்த்து மல்லுக்கட்டாதீர்கள். முதல் பத்து நிமிஷம் சிரிக்கட்டும். பசி வேடிக்கையாக இருக்கட்டும். பிறகு அந்தப் பசி அவர்கள் வீட்டு வாசலில் வந்து உட்காரட்டும்.

மற்ற ஊர்க்காரர்கள் இந்தச் சிக்கலை எப்படி அவிழ்த்தார்கள் என்று பாருங்கள். 1953இல் துருக்கியில் எடுத்த டிராகுலாவில் சிலுவையே கிடையாது, பூண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். 1967இல் லாகூரில் எடுத்த 'ஜிந்தா லாஷ்' படத்தில் டிராகுலா ஒரு பேராசிரியர். சாகாமல் இருக்க மருந்து கண்டுபிடித்துக் குடித்து, அப்படி ஆகிவிடுகிறார். பார்க்கிறவர்கள் நம்பக்கூடிய வாசல் வழியாகப் பிசாசை உள்ளே விட்டார்கள். பம்பாயில் ராம்சே சகோதரர்கள் கற்றதோ நேரே கொட்டகையிலிருந்து. 1970இல் அவர்கள் குடும்பம் எடுத்த ஒரு படம் படுத்துவிட்டது. ஆனால் பிரித்விராஜ் கபூர் கோர முகமூடி மாட்டிக்கொண்டு திருட வரும் காட்சிக்காக மட்டும் ஆட்கள் வருகிறார்கள், அது முடிந்ததும் எழுந்து போகிறார்கள் என்று அண்ணன் தம்பிகள் கவனித்தார்கள். அந்த ஒரு காட்சியை முழுப்படமாக்குவோம் என்று இறங்கியதுதான் 1972இல் வந்த 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே'. பிறகு இருபது வருஷத்துக்குச் சின்ன ஊர்க் கொட்டகைகள் அவர்கள் கையில் இருந்தன. 1990இல் 'பந்த் தர்வாஜா'வில் அசல் டிராகுலா பாணியையே கொண்டுவந்தார்கள். பார்வையாளன் எங்கே எழுந்து போகிறான் என்று பார்ப்பதுதான் அவர்கள் செய்த ஆராய்ச்சி.

சரி, நம்ம கரைக்கான சட்டம் என்ன?

பூண்டை முதலில் தூக்கிப் போடுங்கள். பிள்ளை பெற்றவளுக்கு உரித்து உரித்துப் போட்டுக் குழம்பு வைக்கிற ஊர் இது. மீன் குழம்பில் பூண்டு இல்லாத வீட்டைக் காட்டுங்கள் பார்ப்போம். பூண்டுக்குப் பயந்தால் அந்தக் காட்டேரி தேவிபட்டினத்திலிருந்து சாயல்குடி வரை எந்த வீட்டுப் பக்கமும் ஒதுங்க முடியாமல் பட்டினி கிடந்து சாகும். நம்ம பாட்டிமார் காட்டேரிக்கு என்று வைத்திருப்பது வேப்பிலையும் இரும்பும். பிரசவமான வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கும், தலைமாட்டில் அரிவாளோ பாக்குவெட்டியோ இருக்கும். காட்டேரி தேடிவருவது வாலிபப் பெண்ணின் கழுத்தை இல்லை, பிள்ளைத்தாய்ச்சியையும் பச்சைப் பிள்ளையையும். இதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தொட்டில் கயிறு தானாக ஆடும் ஒரு காட்சி போதும், நூறு கோரைப்பல் வேண்டாம்.

அழைக்காமல் வீட்டுக்குள் வர முடியாது என்ற சட்டத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் படத்தில் அது அந்நியனைத் தடுக்கிற பூட்டு. நம்ம ஊரில் திண்ணையில் யார் வந்து நின்றாலும், "வாங்க, உள்ள வாங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிடுவோம். ஆக, இந்தப் பூட்டு இங்கே எப்போதும் திறந்தே கிடக்கிறது. அந்திநேரத்தில் ஓர் ஆள் நிலைப்படிக்கு வெளியே நிற்கிறான். அப்பத்தா அடுப்படியிலிருந்து பழக்கத்தில், "யாரு? உள்ள வாங்க" என்கிறாள். பேத்தி பதறுகிறாள். இதற்கு விளக்கு, மேக்கப், கிராபிக்ஸ் எதுவும் வேண்டாம். பார்க்கிற ஒவ்வொரு பெண்ணும் அன்றைக்குக் காலையில் யாரையோ அப்படிக் கூப்பிட்டிருப்பாள்.

சவப்பெட்டி விஷயத்திலும் அப்படித்தான். நம்மில் பாதிப்பேர் எரிக்கிறவர்கள், மீதியில் பலர் சந்தூக்கு என்ற தூக்குப்பெட்டியில் கொண்டுபோய் மண்ணில் வைக்கிறவர்கள். மெழுகுபோட்ட மரப்பெட்டி எல்லாருக்கும் ஒட்டாது. ஆனால் சாவு வீட்டுக்கு வாடகைக்கு வரும் ஐஸ் பெட்டி எந்தச் சாதி, மதத்துக்கும் பொது. கண்ணாடி மூடி, அதில் படியும் பனி, விடாமல் இரையும் மோட்டார். ஐஸ் கம்பெனியும் மீன் பெட்டியும் இருக்கிற ஊரில் குளிரில் கிடக்கிற உடம்பு என்பது அன்றாடக் காட்சி. கண்ணாடியின் உள்பக்கம் மூச்சு படிவதைக் காட்டினால் போதும். அந்த மோட்டார் ஒரு நொடி நின்று மறுபடி ஓடுகிற சத்தத்தை மட்டும் கவனமாகப் பதிவு செய்யுங்கள்.

சிலுவை, தாயத்து, விபூதி மூன்றில் எது வேலை செய்யும் என்ற கேள்விக்குள் போகாதீர்கள். தங்கச்சிமடத்தில் ஒரு பதில், கீழக்கரையில் ஒரு பதில், உத்தரகோசமங்கையில் ஒரு பதில். ஒன்றை ஜெயிக்கவிட்டால் படம் பார்க்கிறவர்கள் மூன்றாகப் பிரிந்துவிடுவார்கள். இரும்பும் வேம்பும் எல்லாருக்கும் சொந்தம்.

இப்போது ராத்திரி. உங்கள் முன்னோட்டத்தில் பெரிய சிரிப்பு வந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். நடுச்சாமம், நிலா, ஆளில்லாத கரை, அங்கிக்காரன் நடக்கிறான். பட்டணத்து ஆளுக்கு ராத்திரிக் கடற்கரை சூனியம். இங்கே அது வேலை நேரம். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு நண்டு வலை தட்டுகிறவர்கள், வல்லத்தைத் தள்ளுகிறவர்கள், விடியுமுன் ஏலத்துக்குப் பெட்டி அடுக்குகிறவர்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை இருப்பதால் எந்த ராத்திரி எந்தக் கரையில் கூட்டம் இருக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். உங்கள் அங்கிக்காரன் அந்நேரம் அங்கே நடந்தால், "என்னண்ணே, வலை போடலையா?" என்று யாராவது கேட்பார்கள். அதனால்தான் கூட்டம் சிரித்தது. இதையே திருப்பிப் போடுங்கள். இங்கே ஆளில்லாத நேரம் பிற்பகல் இரண்டு மணி. கரையே வெயிலில் வெந்துபோய்க் கிடக்கும், ஆண்கள் தூக்கத்தில், வலைகள் காய்ந்துகொண்டிருக்கும். பகலில் வருகிற காட்டேரி மூல நாவலுக்கும் விரோதமில்லை. வாலிநோக்கம் உப்பளத்தின் வெள்ளை வெளியில், கண் கூசும் வெயிலில், தூரத்தில் ஒரே ஓர் ஆள் அசையாமல் நிற்பதை நினைத்துப் பாருங்கள். டிரையரின் படத்தில் கெட்ட வைத்தியன் மாவு ஆலையில் வெள்ளை மாவு கொட்டிக் கொட்டி மூடிச் சாவான். பயத்துக்குக் கறுப்பு நிறம்தான் வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இரவு கட்டாயம் வேண்டுமென்றால், சூரியன் விழுந்தபின் கிடைக்கும் நேரத்தைப் பிடியுங்கள். நாம் இருப்பது 9 டிகிரி அட்சரேகையில். அந்தி வெளிச்சம் இருபது நிமிஷத்துக்கு மேல் நிற்காது. ஒத்திகையை வெயிலிலேயே முடித்துவிட்டு, அந்த வெளிச்சத்தில் ஒரு ஷாட், மிஞ்சினால் இரண்டு. செல்போன் கேமராவில் கும்மிருட்டை எடுத்தால் கருப்பு வராது, புழுதி மாதிரிப் புள்ளிதான் வரும்.

நான் ஒலிப்பதிவுக்காரன், அதனால் இதில் கொஞ்சம் நீட்டுவேன். இந்தக் கரைக்கு இரண்டு கடல். ஆண் கடல், பெண் கடல் என்று நம்ம ஆட்கள் சொல்வது சும்மா இல்லை. தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் நின்று வசனம் பதிந்தால் அலையும் காற்றும்தான் கேட்கும். அதே நாளில் ராமேசுவரம் தீவின் வடக்குப் பக்கம் போனால் தொட்டித் தண்ணீர் மாதிரிக் கிடக்கும். வாடைக்காலத்தில் இது தலைகீழ். மைக்குக்கு முடிவைத்த உறை போடாமல் எந்தப் பக்கமும் போகாதீர்கள். உப்புக்காற்று லென்ஸில் படலம் கட்டும், அரை மணிக்கொரு தரம் துடைக்கவேண்டும். பணத்தை எதில் போடலாம் என்று கேட்டீர்களே, பாதியைச் சத்தத்தில் போடுங்கள். படம் மங்கினால் பார்க்கிறவன் பொறுப்பான். வசனம் கேட்கவில்லையென்றால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவான். வசனத்தைக் குறைப்பது இன்னும் நல்லது. 1966இல் இங்கிலாந்தின் ஹாமர் கம்பெனிப் படத்தில் கிறிஸ்டோபர் லீ டிராகுலாவாக வருவார், முழுப்படத்திலும் ஒரு வார்த்தை பேசமாட்டார். வசனம் மட்டமாக இருந்ததால் பேச மறுத்தேன் என்றார் அவர், நான் எழுதவே இல்லை என்றார் எழுத்தாளர். யார் சொன்னது நிஜமோ, பேசாத டிராகுலா பேசுகிறவனைவிடப் பயங்கரமாக இருந்தான்.

தனுஷ்கோடித் தேவாலயத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் மூன்று. அரிச்சல்முனை வரை வந்தவர்களை மாலையானதும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அங்கே இரவுப் படப்பிடிப்பு என்பது லேசில் நடக்கிற காரியமில்லை. அந்தச் சுவரைப் பாட்டிலும் விளம்பரத்திலும் பார்த்துப் பார்த்துக் கண் புளித்துவிட்டது. இவை சின்னக் காரணங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் பாம்பனிலிருந்து போன ரயில் ஆட்களோடு கடலுக்குள் போயிற்று; ஊரே போயிற்று. அதில் அப்பாவையோ அக்காவையோ பறிகொடுத்தவர்கள் இன்றும் ராமேசுவரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அந்தச் சுவரில் பிளாஸ்டிக் பல்லை மாட்டிக்கொண்டு உறுமினால் சிரிப்புகூட வராது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். திரைக்கதையில் 'தர்காவில் சங்கிலி போட்ட ஆள் ஒருவன் கதாநாயகனை எச்சரிக்கிறான்' என்று ஒரு காட்சி வைத்திருக்கிறீர்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியை அவிழ்க்க முடியாமல் 28 பேர் வெந்து செத்தார்கள். அதற்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தலையிட்டது, சங்கிலிக்கு எதிராக அரசாங்கம் அசைந்தது. இந்த ஜில்லாவில் பிறந்த ஒருவன் அந்தச் சங்கிலியைப் பயமுறுத்தும் அலங்காரமாக எடுக்கக் கூடாது. எடுத்தால் நான் ஒலிப்பதிவுக்கு வரமாட்டேன்.

அங்கிக்குப் பதில் கறுப்புப் புர்கா போடலாமா என்று உங்களில் ஒருவர் கேட்டதற்கும் இதே பக்கத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன். 2014இல் அனா லிலி அமீர்பூர் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் ஈரானியப் பெண் ஒருத்தி சாதோர் என்ற கறுப்பு முக்காட்டைப் போர்த்தி, சக்கரப்பலகையில் ராத்திரித் தெருவில் உருண்டு வருவாள். பேச்செல்லாம் பாரசீகம், எடுத்ததோ கலிபோர்னியாவில் ஓர் எண்ணெய்க் கிணற்று ஊர். பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். அது அந்தப் பெண் இயக்குநரின் வீட்டுத் துணி. பெண்ணைத் தொந்தரவு செய்கிறவர்கள்தான் அதைக் கண்டு பயப்படவேண்டும் என்பது கதை. உங்கள் குழுவில் கீழக்கரைப் பெண்பிள்ளை ஒருத்தி எழுதி இயக்கினால் பேச்சு வேறு. ஆம்பளைப் பிள்ளைகள் நாலுபேர் அடுத்த வீட்டு உடுப்பைப் பேய் வேஷமாக்கினால் அது வேறு.

ரத்தத்துக்குக் கருப்பட்டிப் பாகில் சிவப்புச் சாயம் கலந்தால் திக்காக, கறுப்போடிய சிவப்பில் நன்றாகவே நிற்கும். எறும்பும் ஈயும் மொய்க்கும், அதைச் சமாளித்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சாயம்கூட வேண்டாம். 1968இல் ஜார்ஜ் ரொமீரோ தன் முதல் படத்தில் சாக்லேட் பாகைத்தான் ரத்தமாக ஊற்றினார். பல்லே வேண்டாம் என்பது என் கட்சி. அதே ரொமீரோ 1977இல் 'மார்ட்டின்' என்று ஒன்று எடுத்தார். உருக்காலைத் தொழில் நொடித்துப்போன ஓர் ஏழை ஊர். வெட்கப்படும் ஒரு பையன், தான் ரத்தக்காட்டேரி என்று நம்புகிறான். பல் இல்லை, ஊசியும் பிளேடும்தான். பூண்டை எடுத்துக் கடித்துக் காட்டுவான், சிலுவையைத் தொட்டுக் காட்டுவான். அவன் நிஜமாகவே அதுவா, இல்லை மனசு கெட்ட பிள்ளையா என்று பார்த்தவர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். தான் எடுத்ததிலேயே தனக்குப் பிடித்தது அதுதான் என்று ரொமீரோ சொல்லிவந்தார். செலவு என்று பார்த்தால் ஒரு பையன், ஒரு கிழவர், ஒரு வீடு.

அந்தப் படத்திலிருந்து இங்கே கொண்டுவர ஒன்று இருக்கிறது. படகுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, பிடித்த மீனையெல்லாம் தான் சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்கிற வியாபாரியை, "ரத்தத்தை உறிஞ்சுறான்" என்று கரையில் தினமும் பேசிக்கொள்கிறார்கள். காட்டேரிக்கு அந்த வேஷம் பொருந்தும்தான். ஆனால் வசனத்தில் யாரும் அதை எடுத்துச் சொல்லக் கூடாது. அவன் கணக்கு நோட்டைப் பிரிப்பதை மட்டும் காட்டுங்கள், மீதியைப் பார்க்கிறவர்களே உரக்கச் சொல்லிக்கொள்வார்கள்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவில் அடக்கம், வனத்துறை அனுமதியில்லாமல் கால்வைக்காதீர்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது, சர்வதேச எல்லையும் பக்கம். ட்ரோனை எடுத்துக்கொண்டு விளையாடினால் பிசாசைவிட மோசமானவர்கள் வந்து நிற்பார்கள். தியேட்டரில் போடுவதென்றால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், யூடியூபுக்கு அது தேவையில்லை.

கடைசியாக, பார்க்கப்போகிறவர்கள். உங்கள் படத்தைப் பெரும்பாலானவர்கள் செல்போனில், இயர்போன் மாட்டிக்கொண்டு பார்ப்பார்கள். வலையை விட்டுவிட்டு நங்கூரத்தில் காத்திருக்கும் பையன்கள் உட்பட. அவர்களுக்குக் காதோரத்தில் ஒரு மூச்சுச் சத்தம் போதும். தெருவில் திரைகட்டிப் போடும்போது அதே மூச்சு ஸ்பீக்கரில் காற்றோடு போய்விடும். இரண்டு விதமாகவும் ஒலியைக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் கூட்டம் கத்தும், "ஏய், பின்னாடி பாருடா" என்று கதாநாயகனுக்கு யோசனை சொல்லும், நகைச்சுவையாக ஏதாவது சேர்க்கும். அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கத்துகிறவன் உள்ளே வந்துவிட்டான். பேசாமல் போனை எடுத்து நோண்டுகிறவனைக் கவனியுங்கள். எந்த நிமிஷத்தில் எடுத்தான் என்று குறித்துவைத்து அந்த நிமிஷத்தை வெட்டுங்கள். இணையத்தில் வரும் "செம காமெடி" என்ற ஒருவரிக் கருத்துகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். எங்கே சிரித்தேன் என்று நேரத்தைக் குறிப்பிட்டு எழுதுகிறவனுடையதை மட்டும் படியுங்கள்.

போட்டுக் காட்டுவதற்கு நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் சாயங்காலம் வீட்டில் இருப்பார்கள். கூட்டத்தில் நடிக்க ஆள் வேண்டுமென்றாலும் அப்போதுதான் கிடைக்கும். படம் அதற்குள் முடியாவிட்டால் ஆட்களும் விளக்கும் கிடைப்பது கஷ்டம். அடுத்த வருஷம் வரை தள்ளிப்போடுங்கள், அவசரப்பட்டு எடுக்க வேண்டாம்.